ஹிரோஷிமா போகிறீர்களா, இல்லையா?

"ஒசாகாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. ரயில் பாஸ் எடுக்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஹிரோஷிமா போகிறீர்களா? போகிறோம் என்றால் எடுங்கள். இல்லை என்றால் உட்காருங்கள், டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப் போடுவோம். பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு "வேண்டாம்" என்றே முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் பலரும் கேள்விப்பட்டிருப்பது ஜப்பான் முழுவதும் செல்லுபடியாகும் ஜே.ஆர். பாஸைத்தான். ஒரு காலத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றினார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்த் திரும்பினாலும் 28,000தான் ஆகிறது. மீதியைச் சம்பாதிக்க வேண்டுமானால் ஒரு வாரம் ரயிலிலேயே குடியிருக்க வேண்டும். ஆகவே அதை மறந்துவிடுங்கள். இப்போது பார்க்க வேண்டியது வட்டாரப் பாஸ்களை.

வட்டாரம் என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ரயில்வேயிலும் மண்டலங்கள் உண்டு. சென்னையிலிருந்து வடக்கே போகிற வண்டி கூடூரைத் தாண்டினால் மண்டலம் மாறிவிடுகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. டிக்கெட் ஒன்றுதான், முதலாளியும் ஒருவர்தான். ஜப்பானில் 1987 ஏப்ரலில் தேசிய ரயில்வேயைப் பிரித்து, பயணிகள் போக்குவரத்தை ஆறு கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். ஆறுக்கும் பெயரில் ஜே.ஆர். என்று வரும், கல்லாப் பெட்டி மட்டும் தனித்தனி. ஒரு கம்பெனி விற்கும் பாஸ் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் தண்டவாளத்தில்தான் செல்லும். பாஸோடு தரும் வரைபடத்தில் எங்கெங்கே கோடு நிற்கிறது என்று பார்த்தால், பாதி இடங்களில் இந்தப் பாகப்பிரிவினைதான் காரணமாக இருக்கும்.

ஒசாகா, கியோட்டோ, நாரா, கோபே, ஹிமேஜி எல்லாம் கான்சாய் வட்டாரம். அங்கிருந்து மேற்கே ஒகயாமா, ஹிரோஷிமா. இவ்வளவும் ஜே.ஆர். வெஸ்ட் கம்பெனியின் ராஜ்ஜியம். அவர்கள் விற்கும் பாஸ்களில் நமக்கு வேண்டியவை மூன்று. சின்னது கான்சாய் ஏரியா பாஸ்: ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை, ஒரு நாளுக்கு 2,800 யென், நான்கு நாளுக்கு 7,000. புல்லட் ரயில் இதில் கிடையாது. நடுவாந்தரம் கான்சாய் வைட் ஏரியா பாஸ்: ஐந்து நாள், 12,000 யென். புல்லட் ரயிலில் ஒகயாமா வரை போகலாம், வடக்கே கினோசாகி வெந்நீர் ஊற்று ஊருக்கும் போகலாம். பெரியது கான்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ்: ஐந்து நாள், 17,000 யென். ஒரு யென்னை 60 காசு என்று வைத்துக்கொண்டால் 10,200 ரூபாய். இவையெல்லாம் 2023 அக்டோபரில் வைத்த விலைகள். பாஸ் விலை அடிக்கடி ஏறுகிற சரக்கு என்பதால், வாங்கும் நாளில் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஹிரோஷிமாவுக்கு புல்லட் ரயிலில் ஒரு வழிக் கட்டணம் 10,000 யென்னை ஒட்டி வரும். போய்வர 20,000. பாஸின் விலை 17,000. ஒரே ஒரு தடவை போய்வந்தால் போட்ட பணம் வந்துவிட்டது. அந்த ஐந்து நாளில் மற்ற ஊர்களுக்குப் போவதெல்லாம் உபரி. எடுத்த எடுப்பில் ஹிரோஷிமாவைப் பற்றி நான் கேட்பது இதனால்தான்.

அதே கணக்கைச் சின்னப் பாஸுக்குப் போட்டுப் பாருங்கள். ஒசாகாவிலிருந்து கியோட்டோ 600 யென்னுக்கு உள்ளே. போய்வர 1,200கூட ஆகாது. அதற்கு 2,800 யென் பாஸ் எதற்கு? ஹிமேஜி வரை போய்த் திரும்பினால் 3,000 சொச்சம். அன்று மட்டும் பாஸ் மயிரிழையில் ஜெயிக்கும். நடுப் பாஸுக்கு ஒகயாமா ஒரு பயணம், கினோசாகி ஒரு பயணம் என்று இரண்டு நெடுந்தூரம் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் ஒரு வழிக்கு ஏறத்தாழ 5,500 யென் ஆகும், நாலு வழியும் சேர்ந்தால் 12,000ஐத் தாண்டிவிடும். இரண்டில் ஒன்றுதான் என்றால் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும், லாபமில்லை. ஆக எந்தப் பாஸானாலும் அதற்குச் சோறு போடுவது ஒன்றிரண்டு நீண்ட ஓட்டங்கள்தான். கிட்டக் கிட்ட இருக்கும் நாலு ஊரை எத்தனை முறை சுற்றினாலும் தேறாது.

பாஸ் இருந்தால் டிக்கெட் எடுக்கிற தொல்லை இல்லையே என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் அந்தத் தொல்லையை இகோகா என்கிற அட்டை இன்னும் எளிதாகத் தீர்க்கிறது. 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணம் போக 1,500க்குப் பயணம் செய்யலாம். ரயில், மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றிலும் காட்டி ஏறலாம், பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில்கூட வாங்கலாம். பாஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது கையில் இருக்கட்டும். கியோட்டோ நகரப் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் ஜே.ஆர். பாஸ் செல்லாது. பொற்கோயிலுக்கும் கியோன் தெருவுக்கும் போகப் பாஸ் ஒரு பைசாவுக்கு உதவாது. ஜே.ஆர். தடத்திலேயே இருப்பவை ஃபுஷிமி இனாரியும் அராஷியாமாவும். அவற்றுக்கான கட்டணமோ சில்லறைக் காசு.

இனி, பாஸ் வாங்கியவர்கள் சறுக்கும் இடம். பாகப்பிரிவினை என்று சொன்னேன் அல்லவா? டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை ஓடும் புல்லட் ரயில் தடம் 1964இல் திறந்தது. அது ஜே.ஆர். சென்ட்ரல் கம்பெனியுடையது. ஷின்-ஒசாகாவிலிருந்து மேற்கே போகும் சான்யோ தடம் 1972இல் ஒகயாமா வரையும், 1975இல் ஹகாதா வரையும் வந்தது. அது ஜே.ஆர். வெஸ்டினுடையது. வண்டி என்னவோ ஒன்றுதான். டோக்கியோவில் கிளம்பிய நோசோமி என்ற வண்டி நேராக ஹிரோஷிமாவுக்குப் போகும். ஷின்-ஒசாகாவில் வண்டி ஓட்டுபவர்களும் நடத்துநர்களும் மட்டும் மாறுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கியோட்டோ இருப்பது ஷின்-ஒசாகாவுக்குக் கிழக்கே. கியோட்டோவில் புல்லட் ரயில் ஏறினால் முதல் பதினைந்து நிமிடம் அடுத்த கம்பெனியின் தண்டவாளத்தில் போகிறீர்கள். பாஸ் அங்கே செல்லாது. அந்தத் துண்டுக்குத் தனியாக டிக்கெட்டும் விரைவுக் கட்டணமும் கேட்பார்கள்.

வழி சுலபம். கியோட்டோவில் நீல நிற எழுத்தில் "ஸ்பெஷல் ரேப்பிட்" என்று காட்டும் சாதாரணத் தட ரயிலில் ஏறி ஷின்-ஒசாகாவுக்கு வாருங்கள். அரை மணிக்கும் குறைவுதான். அங்கே மாடிக்குப் போய் புல்லட் ரயில் பிடியுங்கள். ஜே.ஆர். வெஸ்ட் பாஸில் நோசோமி, மிசுஹோ போன்ற வேகமான வண்டிகளிலும் கூடுதல் பணம் இல்லாமல் போகலாம். விலை அதிகமான தேசியப் பாஸ்காரர்கள் அவற்றுக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். இந்த முரண்பாட்டை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

வேகம் என்பதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புல்லட் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது என்று அதிகம் மகிழ வேண்டாம். சான்யோ தடத்தில் ஏறக்குறைய பாதித் தூரம் குகைப்பாதை. கடல் பார்க்க வேண்டும் என்றால் ஒசாகாவிலிருந்து ஹிமேஜிக்கு அந்தப் பழைய தடத்து ஸ்பெஷல் ரேப்பிட்டில் போங்கள். ஒரு மணி நேரம். கோபேயைத் தாண்டியதும் சுமா கடற்கரையை ஒட்டியே ஓடும், மாய்கோ பக்கம் அகாஷி கைக்கியோ தொங்கு பாலம் தலைக்கு மேலே கடந்து போகும். 1998இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுத் தாவல் 1,991 மீட்டர். 2022இல் துருக்கியில் ஒரு பாலம் வரும்வரை உலகத்தில் அதுதான் நீளம். போகிற திசையில் இடப் பக்கம் உட்காருங்கள்.

ஐந்து நாள் பாஸ் என்றால் தொடர்ந்து ஐந்து நாள். நாளும் நள்ளிரவுக் கணக்கு, இருபத்துநாலு மணி நேரக் கணக்கல்ல. மாலை ஆறு மணிக்கு விமான நிலையத்தில் இறங்கி, அப்போதே பாஸைத் தொடங்கினால் ஒரு நாள் போயிற்று. பத்து நாள் சுற்றுலாவில் பாஸை எங்கே வைப்பது என்பதுதான் முழு சாமர்த்தியமும். நான் சொல்லும் யோசனை இது. வந்து இறங்கியதும் கியோட்டோவில் தங்கிவிடுங்கள். அங்கே இருக்கிற நாட்களுக்குப் பாஸ் வேண்டாம், இகோகா போதும். கோயில் குளமெல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்புகிற காலையில் பாஸைத் தொடங்குங்கள். முதல் நாள் வழியில் ஹிமேஜி கோட்டை, இரவு ஹிரோஷிமா. இரண்டாம் நாள் மியாஜிமா தீவு. மூன்றாம் நாள் திரும்புகிற வழியில் ஒகயாமாவில் இறங்கி கோராகுயென் தோட்டமோ, பக்கத்துக் குராஷிகியின் கால்வாய்த் தெருவோ பார்த்துவிட்டு ஒசாகா. நான்காம் நாள் நாரா. ஐந்தாம் நாள் ஹருகா விரைவு ரயிலில் விமான நிலையம். அதுவும் பாஸில் சேர்த்தி. நீண்ட ஓட்டம் எல்லாம் இந்த ஐந்து நாளுக்குள் அடங்கிவிடும், உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஊர் வெளியே நின்றுவிடும்.

ஹிமேஜியில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் சாலையின் கோடியில் கோட்டை தெரியும். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, நடந்தால் இருபது நிமிடம். இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1609இல் கட்டி முடித்தது. உள்ளே மரப்படிகள் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும், மூட்டு வலிக்காரர்கள் கீழே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். புல்லட் ரயிலில் தொடர்ந்து போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா நோசோமியும் ஹிமேஜியில் நிற்காது. சகுரா, ஹிகாரி வண்டிகளையும் சேர்த்து நேரம் பாருங்கள்.

ஹிரோஷிமாவில் ஊருக்குள் ஓடுவது டிராம். அது தனிக் கம்பெனி, பாஸ் செல்லாது, இகோகாவை எடுங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அது ரயில் நிலையக் கட்டிடத்தின் இரண்டாம் தளத்துக்கே ஏறி வருகிறது. காசு செலவழிக்க மனமில்லை என்றால், ஜே.ஆர். கம்பெனியின் சுற்றுலாப் பஸ் நிலையத்தின் புல்லட் ரயில் பக்கத்து வாசலிலிருந்து அமைதிப் பூங்கா வழியாகச் சுற்றுகிறது. அதில் பாஸைக் காட்டினால் போதும். ஆனாலும் ஒரு தடவையாவது டிராமில் ஏறுங்கள் என்பேன். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தது. மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராமை ஓட்டிவிட்டார்கள். அன்று அடிபட்டுப் பிழைத்த பெட்டிகளில் ஒன்றிரண்டு இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன.

மியாஜிமாவுக்கு ஹிரோஷிமாவிலிருந்து சாதாரண ரயிலில் அரை மணி, மியாஜிமாகுச்சியில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. அங்கே இரண்டு கம்பெனிப் படகுகள் அக்கம்பக்கமாக நிற்கும். பாஸ் செல்வது ஜே.ஆர். படகில் மட்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் பக்கத்துப் படகில் ஏறிவிட்டுப் பாஸை நீட்டினால் சிரித்துக்கொண்டே காசு கேட்பார்கள். பகல் வேளையில் ஜே.ஆர். படகு கடலுக்குள் நிற்கும் பெரிய சிவப்பு வாயிலுக்குக் கிட்டப் போய் வளைந்து செல்லும், அதனால் இலவசமாகக் கிடைப்பதே நல்ல படகும் ஆகிறது. தீவுக்குள் போக 2023 அக்டோபர் முதல் தலைக்கு 100 யென் வருகை வரி உண்டு. பாஸ் வைத்திருந்தாலும் அதைத் தனியாகக் கட்ட வேண்டும். கடலின் ஏற்ற இறக்க நேரத்தை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறியிருக்கும்போது வாயில் மிதப்பது போல இருக்கும், வடிந்த பிறகு சேற்றில் நடந்து அதன் அடிக்கே போகலாம். பக்கத்தில் தைகான்ஜி கோயிலில் இருக்கும் பென்ஸைட்டென் யார் தெரியுமா? கையில் வீணைக்குப் பதில் ஜப்பானிய நரம்பு வாத்தியத்தோடு நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவள். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் இது தெரியாமலே வாயிலோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன.

நாராவைப் பற்றி ஒரு நேர்மையான வார்த்தை. ஜே.ஆர். நாரா நிலையத்திலிருந்து மான் பூங்காவுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் போனால் பூங்காவின் வாசலிலேயே இறக்கிவிடும், ஆனால் பாஸ் அதில் செல்லாது. வயதானவர்கள் கூட இருந்தால் பாஸ் கையில் இருந்தாலும் கின்டெட்சுவுக்குக் காசு கொடுத்துப் போவதே புத்திசாலித்தனம். பாஸ் வாங்கிவிட்டோமே என்பதற்காகக் கால் வலிக்க நடப்பதும், பார்க்க விரும்பாத ஊருக்கெல்லாம் ஓடுவதும், பந்தியில் போட்டுவிட்டார்களே என்று வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு லட்டை உள்ளே தள்ளுவது மாதிரி. நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அந்த நினைப்போடு போனால் அரை நாள் போதாது.

யார் வாங்கலாம் என்பதிலும் சிக்கல் உண்டு. குறுகிய காலச் சுற்றுலாப் பயணி என்ற அனுமதியோடு வரும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும்தான் இந்தப் பாஸ். ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனையும் மருமகளையும் பார்க்கப் போகிற பெற்றோர் வாங்கலாம். கூடவே வருகிற மகனும் மருமகளும் வாங்க முடியாது. ஆக நாலு பேர் சேர்ந்து ஹிரோஷிமா போனால் இரண்டு பேருக்குப் பாஸ், இரண்டு பேருக்கு முழு டிக்கெட் என்று பட்ஜெட் போடுங்கள். ஆறிலிருந்து பதினொன்று வயதுக் குழந்தைகளுக்குப் பாதி விலை. அதற்குக் கீழே என்றால், தனி இருக்கை கேட்காதவரை, பாஸே தேவையில்லை.

எப்போது போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்குப் பள்ளி விடுமுறை விடும் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம்தான் அவர்களுக்கு "கோல்டன் வீக்" விடுமுறை. நாடே ரயிலில் இருக்கும். அந்த நாட்களிலும், ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறையிலும், புத்தாண்டிலும் நோசோமி வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அப்போது உதவாது. பாஸைக் கையில் வாங்கியதும் அதே நிலையத்தில் இருக்கும் பச்சை நிறத் தானியங்கி இயந்திரத்தில் ஹிரோஷிமா போகவும் வரவும் இருக்கை பதிவு செய்துவிடுங்கள். இருக்கைச் சீட்டுக்குத் தனிக் காசு கிடையாது.

பெட்டிகளைப் பற்றி நம்மவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்குப் புல்லட் ரயிலில் 2020 மே முதல் தனி இடம் பதிவு செய்ய வேண்டும். விமானத்தில் போடும் நம் பெரிய சூட்கேஸ்களில் சில இதற்கு மேல் வரலாம். அதைவிட நல்ல வழி, கியோட்டோ ஓட்டலிலிருந்து ஒசாகா ஓட்டலுக்கு "டக்யூபின்" என்ற பார்சல் சேவையில் பெட்டியை அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியைத் தோள் பையில் போட்டுக்கொண்டு ஹிரோஷிமா போய்வருவது. அந்தப் பையில் புளிசாதம் இருந்தாலும் தப்பில்லை. புல்லட் ரயிலில் சாப்பிடுவது அங்கே சகஜம். நகர ரயிலில் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

பாஸை ஜப்பான் போவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிவிட்டு, கான்சாய் விமான நிலையத்திலோ கியோட்டோ, ஷின்-ஒசாகா போன்ற பெரிய நிலையத்திலோ பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். கொடுக்கும்போதே எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று கேட்பார்கள். அவசரப்பட்டு அன்றைய தேதியைச் சொல்லிவிடாதீர்கள். கையில் வருவது ஒரு சின்னக் காகிதச் சீட்டு. நிலையத்தின் தானியங்கிக் கதவில் ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் வெளியே வரும், எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். தொலைந்தால் இன்னொன்று தர மாட்டார்கள்.